பார்புடா: ஒரு கொழுத்த ஆடு, 198 ஆண்டுக் குத்தகை, ஆறு நாள்

நாள் 1: ஆன்டிகுவா, ஜாலி ஹார்பர்

மெரினா என்றால் நமக்கு மணலும் சுண்டலும். கரீபியத் தீவுகளில் மெரினா என்பது உல்லாசப் படகுகள் வரிசையாகக் கட்டி நிற்கும் துறை. பக்கத்திலேயே டீசல் பங்க், தண்ணீர்க் குழாய், கரண்ட் பெட்டி, மளிகைக்கடை, மதுக்கூடம் எல்லாம் இருக்கும். ஆன்டிகுவாவோடு சேர்ந்து ஒரே நாடான பார்புடா தீவுக்குக் கிளம்பும் முன் அப்படி ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே உல்லாச விடுதிகளுக்கு நிலம் கொடுப்பதில் எதற்காக இவ்வளவு சண்டை என்பது ஆன்டிகுவாவிலேயே பாதி விளங்கிவிடும்.

தலைநகர் செயின்ட் ஜான்ஸில் சந்தைக்கு எதிரே உள்ள மேற்குப் பேருந்து நிலையத்தில் வேன் ஏறினால் ஜாலி ஹார்பர் சுமார் அரை மணி. வேன் நிரம்பினால்தான் புறப்படும், அதனால் காலையில் வேலைக்குப் போகிறவர்களோடு ஏறிக்கொள்வதே புத்திசாலித்தனம். இறங்கியதும் நேரே கடைத்தெருவுக்குப் போகாமல், வீடுகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களில் ஏதாவது ஒன்றைப் பிடித்து அது முடியும் இடம் வரை நடக்கவும். இந்த இடம் முழுக்க உப்பங்கழியும் அலையாத்திக் காடுமாக இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டிய மண்ணை இரு பக்கமும் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின் மேல் வீடு கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்பக்கம் சாலை, பின்பக்கம் படகு. விற்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

சிக்கல் தண்ணீரில்தான். இந்தப் பக்கக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் மாறுவதே ஓர் அடியை ஒட்டித்தான். மூன்று மீட்டர் ஆழம் தோண்டிய குட்டையில் 30 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் பத்தில் ஒரு பங்கு நீர் மாறும். அதிலும் வெளியே போன அதே நீரில் ஒரு பகுதி அடுத்த ஏற்றத்தில் திரும்பி உள்ளே வரும். வாய்முகத்துக்குப் பக்கத்தில் நீர் தெளிவாக இருக்கும். முட்டுச்சந்து மாதிரி முடியும் கடைக்கோடியில்தான் எண்ணெய்ப் படலமும் மிதக்கும் பாசியும் ஒதுங்கும். படகுக் கழிவுத் தொட்டியைக் கரையில் உறிஞ்சி எடுக்கும் வசதியை எல்லாரும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஓரளவு தாக்குப் பிடிக்கலாம். அது நடப்பதும் நடக்காததும் படகுக்காரர் மனசைப் பொறுத்தது.

தோண்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. கலங்கிய சேறு நீரோட்டத்தோடு வெளியே போய்க் கடற்புல் மேல் படியும். வெயில் படாத கடற்புல் சாகும். அந்தப் புல்லைத்தான் ஆமை மேய்கிறது, அதற்குள்தான் சிங்கி இறால் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. அலையாத்தியை வெட்டியாகிவிட்டது, கரையிலிருந்து வரும் மழைச்சேற்றை வடிகட்டவும் ஆள் இல்லை.

ஆன்டிகுவாக்காரர்கள் எல்லாத் திட்டத்தையும் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டவர்களும் அல்ல. வடகிழக்கில் கயானா தீவில் 1990-களில் மலேசிய முதலீட்டாளர் ஒருவர் ‘ஆசிய கிராமம்’ என்று பெரிய விடுதித் திட்டம் கொண்டுவந்தார். எதிர்ப்பு, வழக்கு, கைகலப்பு எல்லாம் ஆகி அது நின்றுபோனது. பிறகு அதே தீவுக்குச் சீன நிறுவனமான யிடா வந்தது. இத்தனைக்கும் அந்தத் தீவு இருப்பது பாதுகாக்கப்பட்ட கடல்பகுதிக்குள்.

நாள் 2: கடலைத் தாண்டி, கோட்ரிங்டன்

பார்புடா வடக்கே சுமார் 50 கி.மீ. செயின்ட் ஜான்ஸிலிருந்து படகில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், சிறிய விமானத்தில் 15 முதல் 20 நிமிடம். படகு வடக்கே போகும், காற்று கிழக்கேயிருந்து அடிக்கும். எனவே அலை முழுக்க விலாவில்தான் மோதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வீசும் ‘கிறிஸ்துமஸ் காற்று’க் காலத்தில் பழகியவர்களே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும், ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. கீழ்த்தளத்தில் பின்பக்க இருக்கையில் ஆட்டம் குறைவு. கைப்பையை பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கவும். காற்று மிஞ்சினால் படகு ரத்தாகும். அதனால் திரும்பும் நாளுக்கும் சொந்த நாட்டு விமானத்துக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி விடவும். கிழக்குக் கரீபிய டாலரை ரொக்கமாகவே கொண்டுபோகவும். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற விகிதம் 1976-லிருந்து மாறவில்லை, பேரம் பேச வேண்டிய தேவையே இல்லை.

இறங்குவது ரிவர் என்ற துறையில். பக்கத்தில் வட்டமாக ஒரு கற்கோபுரம் நிற்கிறது, மார்டெல்லோ கோபுரம். அங்கிருந்து ஊர் சுமார் 5 கி.மீ. ஊர் என்றால் கோட்ரிங்டன் ஒன்றுதான். சுமார் 160 சதுர கிலோமீட்டர் தீவில் வேறு குடியிருப்பு கிடையாது. 2011 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 1,600-ஐச் சற்றுத் தாண்டியது.

வேலியைக் கவனிக்கவும். இங்கே வேலி போடுவது தோட்டத்துக்கு, ஆட்டுக்கு அல்ல. ஆடு, குதிரை, கழுதை எல்லாம் விருப்பம் போலத் திரியும். செம்மண் தங்கிய குழிவுகளைத் தேடிப்பிடித்து, சுற்றி அடைத்து, உள்ளே சர்க்கரைவள்ளியும் பூசணியும் சோளமும் போடுவார்கள். மண் சளைத்ததும் அடுத்த இடம். அடைப்புக்கு வெளியே இருப்பதெல்லாம் எல்லாருக்கும் மேய்ச்சல், வேட்டை, விறகு. தீவின் நில வழக்கம் முழுவதையும் இந்த ஒரு தோட்ட வேலியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இது எங்கிருந்து வந்தது? 1685-ல் ஆங்கில அரசு இந்தத் தீவை கோட்ரிங்டன் குடும்பத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பிந்தைய பத்திரத்தில் எழுதிய வாடகை, ஆண்டுக்கு ஒரு கொழுத்த ஆடு, அதுவும் கேட்டால். கரும்பு வளராத மண். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கால்நடை வளர்த்தார்கள், மரம் வெட்டினார்கள், மீன் பிடித்தார்கள், பவளப்பாறையில் மோதி உடைந்த கப்பல்களிலிருந்து சரக்கு மீட்டார்கள். 1834-ல் விடுதலை. 1870-ல் குத்தகைக் குடும்பம் போய்விட்டது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. அரசின் பார்வையில் அது அரசு நிலம், நம் ஊர்ப் பேச்சில் புறம்போக்கு. மக்களின் பார்வையில் ஊர்ப்பொது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் பார்புடாவின் அரசியல் முழுவதும் ஓடுகிறது.

1976-ல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது, பார்புடா கவுன்சில் உண்டானது. 1981-ல் ஆன்டிகுவாவோடு சேர்த்தே விடுதலை என்றபோது, தனியாக விட்டுவிடுங்கள் என்று கேட்டவர்கள் இவர்கள். 2007-ல் ஒருவழியாகப் பார்புடா நிலச் சட்டம் நிறைவேறியது. அன்றைக்கு அதன் சாரம்: தீவின் நிலம் பார்புடா மக்களுக்குப் பொதுச்சொத்து, விற்க முடியாது. 18 வயதான ஒவ்வொரு பார்புடாவாசிக்கும் வீட்டுக்கு ஒரு மனை, விவசாயத்துக்கு ஒரு துண்டு, தொழிலுக்கு ஒரு துண்டு கேட்க உரிமை. 54 லட்சம் கிழக்குக் கரீபிய டாலருக்கு மேல், அதாவது 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் செலவாகும் எந்தத் திட்டமும் ‘பெரிய திட்டம்’. அதற்குக் கவுன்சில், அமைச்சரவை இரண்டின் ஒப்புதலோடு மக்களில் பெரும்பான்மையின் சம்மதமும் வேண்டும்.

பெரும்பான்மை என்றால் எத்தனை பேரில்? அன்று கூட்டத்துக்கு வந்தவர்களிலா, தீவில் வாக்குரிமை உள்ளவர்களிலா? அது நான்காம் நாள் கதை.

நாள் 3: காயல்

கோட்ரிங்டன் துறையிலிருந்து உரிமம் பெற்ற படகோட்டியோடு மட்டுமே பறவைக் காட்டுக்குப் போக முடியும். முந்தைய மாலையே சொல்லி வைக்க வேண்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் ஆண் ஃப்ரிகேட் பறவை தொண்டைப் பையைச் சிவப்பு பலூன் போல ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். கடற்பறவையாக இருந்தும் இறகில் நீர் ஒட்டும், கடலில் இறங்கினால் எழ முடியாது. அதனால் பறந்தபடியே மீனைக் கொத்தும், மற்ற பறவைகளைத் துரத்தி வாயிலிருப்பதையும் பிடுங்கும். கூடு முட்டளவு உயர அலையாத்திக் கிளை மேல், தண்ணீருக்குச் சற்று மேலே. மோட்டாரை முன்பே நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளிப் போவது அதனால்தான். பெற்றோர் திடுக்கிட்டுக் கிளம்பினால் தனியே கிடக்கும் ஒற்றைக் குஞ்சு வெயிலில் வாடும், இல்லை தண்ணீரில் விழும்.

இந்தக் காயல் 2005-லிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலம். மேற்கு அரைக்கோளத்திலேயே இந்தப் பறவைக்கான மிகப் பெரிய கூடமைப்பு இடங்களில் ஒன்று. ஆனால் ஊர்க்காரர்கள் காயலைப் பற்றிப் பேசும்போது பறவை இரண்டாம் இடம்தான். முதலிடம் சிங்கி இறாலுக்கு. குஞ்சுகள் அலையாத்தி வேரிலும் கடற்புல்லிலும் வளர்ந்து, பெரிதானதும் வடக்குப் பக்கக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் போய்ப் பவளப்பாறையில் குடியேறும். மே, ஜூன் இரண்டு மாதமும் பிடிக்கத் தடை. தலை ஓட்டு நீளம் 95 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும், முட்டை சுமந்த பெண் இறாலைத் தொடவே கூடாது. தடைமாதத்தில் உணவகத்தில் சிங்கி இறால் வந்தால் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தீவில் வெளியார் முதலீட்டை நம்பாமல் பணம் பார்க்கும் முக்கியத் தொழில் இது. “விடுதி வந்தால் வேலை வரும்” என்று சொல்பவர்களிடம் “இருக்கிற வேலை?” என்று மீனவர்கள் திருப்பிக் கேட்பது இதை வைத்துத்தான்.

காயலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் நாடா, பல கிலோமீட்டர் நீளம். 2017 செப்டம்பர் 6 அதிகாலையில் மணிக்கு சுமார் 285 கி.மீ. வேகக் காற்றோடு வந்த இர்மா சூறாவளி அந்த நாடாவை அறுத்துவிட்டது. அதன் மேல் இருந்த விடுதியும் போனது. இப்படிப்பட்ட மணல் நாடா நிற்கும் பொருள் அல்ல, நகர்ந்துகொண்டே இருக்கும் பொருள். அலை பின்னால் தள்ளும், மணல் பின்வாங்கும், புயல் திறந்த வாயைச் சில வருடங்களில் நீரோட்டம் மூடும் அல்லது வேறிடத்தில் திறக்கும். அதன் மேல் கான்கிரீட் அடித்தளம் போட்டால், பிறகு அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட வேண்டிவரும். தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணல் சேர்க்கும், மறுபக்கம் அரிக்கும். நம் கடலோரக் கிராமங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாள் 4: தெற்குக் கரை

வாடகை ஜீப், இரண்டு பேருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், தொப்பி. ஊரை விட்டால் நிழலும் இல்லை, கடையும் இல்லை. 2011-லிருந்து தென்கரையின் ஒரு பகுதிக்குப் பிரின்சஸ் டயானா கடற்கரை என்று பெயர். அவர் வந்து தங்கிய கே கிளப் விடுதி இங்கேதான் இருந்தது. 2004-ல் மூடிய பிறகு பாழடைந்து கிடந்தது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், வெளியூர்க் கட்டுரைகள் பெரும்பாலும் இதைக் கோட்டைவிடுகின்றன. பார்புடாவாசிகள் விடுதியையே காணாதவர்களும் அல்ல, வேண்டாம் என்றவர்களும் அல்ல. கோகோ பாயின்ட்டில் 1960-களிலிருந்தே பணக்காரர் விடுதி இருந்தது, பிறகு கே கிளப். பலர் அங்கே சமைத்தார்கள், படகு ஓட்டினார்கள். குத்தகை முடியும், நிலம் ஊருக்குத் திரும்பும் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு மாறியது 2014-15-ல். நடிகர் ராபர்ட் டி நீரோவும் ஆஸ்திரேலியக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் பேக்கரும் ‘பாரடைஸ் ஃபவுண்ட்’ என்ற பெயரில் கே கிளப் நிலத்தையும் அதையொட்டிக் கூடுதல் நிலத்தையும் கேட்டார்கள். மொத்தம் 391 ஏக்கர், 62 லட்சம் அமெரிக்க டாலர். 99 ஆண்டு, மேலும் 99 ஆண்டு, ஆக 198. கோட்ரிங்டன் குடும்பமே இந்தத் தீவில் இருந்தது 185 ஆண்டுதான்.

2015 மார்ச்சில் ஊரில் வாக்கெடுப்பு. ஆதரவு 206, எதிர்ப்பு 175. யார் வாக்களித்தார்கள், அவர்கள் எல்லாரும் சட்டப்படி பார்புடாவாசிகளா, 206 என்பது ‘மக்களில் பெரும்பான்மை’ ஆகுமா என்று அன்றைக்கே தகராறு ஆரம்பித்தது. தகராறை முடிக்க அரசு கண்டுபிடித்த வழி வேறு. அந்த ஒரு திட்டத்துக்காகவே 2015-ல் தனிச்சட்டம் போட்டு, 2007 நிலச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினால் தோற்றவன் மட்டுமல்ல, ஜெயித்தவனும் கொஞ்சம் நெளிவான். ஆதரவாக வாக்களித்த சிலருக்கும் இந்தக் கசப்பு உண்டு.

பார்புடா மக்கள் இயக்கம் என்ற உள்ளூர்க் கட்சியின் மெக்கன்சி ஃபிராங்க், ட்ரெவர் வாக்கர் இருவரும் வழக்குப் போட்டார்கள். வாக்கர் 2018 தேர்தலில் மீண்டும் தீவின் நாடாளுமன்ற உறுப்பினரானார். வழக்கு இந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 2022-ல் தோற்றது. 2007 சட்டம் தந்த கூட்டு உரிமை, அரசமைப்பு காக்கும் ‘சொத்து’ ஆகாது என்று தீர்ப்பு. பிரதமர் காஸ்டன் பிரவுன் இந்தப் பொதுவுடைமையைக் கட்டுக்கதை என்றே நெடுநாளாகச் சொல்லிவந்தவர்.

இங்கே டி நீரோ பங்குதாரராக உள்ள நோபு உணவகம் இருக்கிறது, முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். சாப்பிட வசதி இல்லாதவர்களுக்கும் கடற்கரை உண்டு. ஆன்டிகுவா, பார்புடா இரண்டிலும் எந்தக் கடற்கரையும் தனியாருக்குச் சொந்தமில்லை. ஆனால் கரை பொது என்பதற்கும் கரைக்குப் போகும் வழி பொது என்பதற்கும் பெரிய தூரம். பாதை குத்தகை நிலத்துக்குள் போனால் வாசலில் காவலாளி, பெயர் எழுது, யாரைப் பார்க்க வந்தாய். படகில் வந்து இறங்குபவனை யாரும் தடுப்பதில்லை, நடந்து வருபவனைத்தான் கேள்வி கேட்கிறார்கள். எனவே கிளம்பும்முன் ஊரில் கேட்டுப் பொதுப்பாதை எது என்று உறுதி செய்துகொள்ளவும், வரைபடச் செயலியை நம்ப வேண்டாம். வாசலில் தடுத்தால் வாதாடாமல் மாற்றுப்பாதை கேட்கவும். காவலுக்கு நிற்பவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைதான், அவரிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாள் 5: பால்மெட்டோ பாயின்ட்

தீவின் தென்மேற்கு மூலை. ரிவர் துறையிலிருந்து பக்கம்தான். ஆறு நாளில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள்.

மணல் மேடுகள், மேட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர். சுண்ணாம்புத் தீவில் ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கும். உப்புநீர் கனம், நல்ல நீர் லேசு. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 25 சென்டிமீட்டர் நின்றால் கீழே சுமார் 10 மீட்டர் ஆழத்துக்கு அது இருக்கும். ஒன்றுக்கு நாற்பது என்பது விதி. லாபமும் நட்டமும் அதே விகிதத்தில்தான். மேல்மட்டம் வெறும் 5 சென்டிமீட்டர் இறங்கினால் அடியில் 2 மீட்டர் நல்ல நீர் காணாமல் போகும், அந்த இடத்துக்கு உப்பு ஏறும். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு இது பாடம் அல்ல, வீட்டுச் செய்தி. அங்கேயும் சுண்ணாம்புப் பாறை, அங்கேயும் இதே மிதக்கும் நீர்.

இந்த மேட்டை முதலில் கெடுத்தது எந்தக் கோடீஸ்வரரும் அல்ல. 1970-களிலிருந்து பல பத்தாண்டு இங்கிருந்து மணல் அள்ளி மற்றத் தீவுகளின் கட்டுமானத்துக்குப் படகில் அனுப்பினார்கள். கவுன்சிலின் சம்பளப் பட்டியலே பெரும்பாலும் மணல் காசில்தான் ஓடியது. நீர்மட்டம் வரை தோண்டினார்கள். நீர் வெளியே தெரிந்ததும் வெயில் உறிஞ்சியது, குழியில் உப்பு ஏறியது. பார்புடாவில் இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் பேச்சை மாற்றுவார்கள். எதிர்ப்பாளர்களின் வாதத்தில் பலவீனமான இடம் இதுதான். அதை மறைத்து எழுதுவது அவர்களுக்கும் உதவாது.

பிறகு வந்தது பீஸ் லவ் அண்ட் ஹேப்பினஸ் என்ற நிறுவனம், சுருக்கமாக பி.எல்.எச். கூந்தல் பராமரிப்புப் பொருளிலும் டெக்கீலா மதுவிலும் சம்பாதித்த ஜான் பால் டிஜோரியாவும் அமெரிக்காவின் டிஸ்கவரி லேண்ட் கம்பெனியும் சேர்ந்து நடத்துவது. திட்டத்தின் பெயர் பார்புடா ஓஷன் கிளப், 600 ஏக்கருக்கு மேல், கோடி டாலர் வீடுகள், 18 குழி கோல்ஃப் மைதானம். மணல் அள்ளிப் பாழான நிலத்தைத்தான் சீர்செய்கிறோம் என்பது அவர்கள் தரப்பு. பாதி இடத்துக்கு அது நியாயம்கூட. மீதி இடம் ராம்சார் எல்லையை உரசுகிறது என்பதும் மணல்மேட்டுச் செடியையும் அலையாத்தியையும் அழித்தார்கள் என்பதும் எதிர்த்தரப்பு. 2020-ல் இந்த விஷயத்தை ராம்சார் செயலகத்துக்கே கொண்டுபோனார்கள்.

கோல்ஃப் மைதானத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு பார்க்கவும். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடாத மழையில் புல் பச்சையாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம், கடல்நீரை நன்னீராக்கும் ஆலையிலிருந்து அல்லது அடியிலிருந்து. கரீபியக் கடலோர மைதானங்களில் பெரும்பாலும் உப்புத் தாங்கும் புல்வகைதான் போடுவார்கள். உப்பை அது தாங்கும், உரம் கேட்பதை விடாது. களிமண் உரத்தைப் பிடித்துவைக்கும், மணல் விட்டுவிடும். போட்ட நைட்ரஜனில் புல் தின்னாதது முதல் மழையிலேயே நல்ல நீருக்குள் போகும், அங்கிருந்து காயலுக்கு. காயலில் பாசி பெருகும், கடற்புல் மூச்சுத்திணறும், மூன்றாம் நாள் பார்த்த இறால் குஞ்சுக்கு ஒளிய இடம் இல்லாமல் போகும். மைதானத்தில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ய வேண்டியதில்லை, விதிமுறைப்படி உரம் போட்டாலே போதும்.

ஜாலி ஹார்பர் மாதிரி ஒரு படகுக்குட்டையை இங்கே தோண்டினால்? பெரிய உல்லாசப் படகுக்கு மூன்று நான்கு மீட்டர் ஆழம் வேண்டும். நல்ல நீர் மிதக்கும் மணலில் அந்த ஆழத்துக்குக் கடலைக் கொண்டுவந்தால், நல்ல நீர் பக்கவாட்டில் வழிந்து குட்டைக்குள் வடியும். உப்பு எதிர்த்திசையில் ஏறும். குட்டை எத்தனை மீட்டர் உள்ளே வருகிறதோ, அதைத் தாண்டியும் அடிநீர் கெடும். கரையை இரும்புத் தகடு அடித்து அடைத்தாலும் துளை நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் நீருக்கு வேறு வழி இருக்கும். படகோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: நங்கூரத்தைக் கரும்பச்சைத் திட்டில் போடாதீர்கள், அது புல். வெளிர்நீலத்தில் போடுங்கள், அது மணல்.

ஊரில் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் பதில் ஆளைப் பொறுத்து மாறும், நாளைப் பொறுத்தும் மாறும். கட்டுமான வேலை, தோட்ட வேலை, வீட்டுப் பராமரிப்பு என்று தீவின் பெரிய சம்பளம் இப்போது அங்கேதான். புயலில் கூரை போனவனுக்கு அந்தச் சம்பளம்தான் தகரம் வாங்கிக் கொடுத்தது. ஒரே வீட்டில் தகப்பன் வழக்குக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார், மகன் அங்கே வண்டி ஓட்டுவான். இதில் முரண் எதுவும் அவர்களுக்குத் தெரிவதில்லை. வேலை மாதக் கணக்கு, நிலம் பேரன் கணக்கு. பேட்டி எடுக்கும் தோரணையில் போய் “நீங்கள் ஆதரவா எதிர்ப்பா?” என்று கேட்காதீர்கள். “இந்தப் பாதையில் முன்பு எதுவரை போவீர்கள்?” என்று கேளுங்கள். மான் வேட்டைக்குப் போன இடம், நண்டு பிடித்த இடம், ஈஸ்டருக்குக் கூடாரம் போட்ட கரை எல்லாம் தானாக வரும்.

நாள் 6: மேட்டுநிலம், ஓடுதளம்

காலை ஹைலேண்ட் ஹவுஸ் இடிபாடு, கோட்ரிங்டன் குடும்பம் கட்டியது. ‘மேட்டுநிலம்’ என்றாலும் தீவின் உச்சியே 40 மீட்டரைத் தொடாது. அங்கிருந்து முட்புதருக்குள் முக்கால் மணி நேரம் நடந்தால் டார்பி குழி, சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குத் தரை அப்படியே உள்வாங்கிப்போன பள்ளம். அடியில் பனைவகை மரங்கள் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக நிற்கின்றன. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, வழிகாட்டி மூன்றும் கட்டாயம். சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீர் குகை தோண்டும், குகையின் கூரை ஒருநாள் இறங்கும் என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்த நடை. இப்படிப்பட்ட பாறையில் விமான ஓடுதளம் போடுவதென்றால் அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இர்மாவுக்குப் பிறகு ஹோசே என்ற அடுத்த சூறாவளி வருகிறது என்று மொத்தத் தீவையும் ஆன்டிகுவாவுக்கு ஏற்றினார்கள். சுமார் முந்நூறு ஆண்டில் முதல்முறையாகப் பார்புடாவில் ஆளே இல்லை. மக்கள் ஆன்டிகுவாவில் விளையாட்டரங்கிலும் அரசு விடுதியிலும் பாய் விரித்துக் கிடந்த அதே வாரங்களில், இங்கே புல்டோசர்கள் புதிய விமான நிலையத்துக்காகக் காட்டைத் தள்ள ஆரம்பித்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் நிலச் சட்டத் திருத்தமும் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பார்புடாவாசி ஒவ்வொருவரும் ஒரு கிழக்குக் கரீபிய டாலர் கொடுத்துத் தன் மனைக்குச் சொந்தப் பட்டா வாங்கிக்கொள்ளலாம். பட்டா இருந்தால் வங்கி கடன் தரும், வீடு கட்டலாம் என்றது அரசு. பட்டா இருந்தால் விற்கலாம், கடன் கட்டாவிட்டால் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று அதையே திருப்பிப் படித்தார்கள் ஊர்க்காரர்கள். இரண்டு வாசிப்பும் சரிதான். கூரையில்லாத ஆளிடம், ஊரில் ஆளில்லாத நேரத்தில் கேட்டதைத்தான் அவர்களால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கடல் உயிரியலாளரும் பள்ளித் தலைமையாசிரியருமாக இருந்த ஜான் மசிங்டனும், ஜாக்லின் ஃபிராங்கும் விமான நிலையத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார்கள். கீழே தற்காலிகத் தடை வந்தது, போனது. வழக்குப் போட உங்களுக்கு என்ன பாத்தியதை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. 2024 பிப்ரவரி 27-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றி, தன் தீவின் சூழலைப் பற்றிக் கேள்வி கேட்க இவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

சுமார் 6,000 அடி நீள ஓடுதளம் அதற்குள் ஏறக்குறைய முடிந்திருந்தது. 2024 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். ஆன்டிகுவாவில் இறங்காமலே தனி ஜெட் நேராக இங்கே வரலாம். படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் சிறிய விமானத்துக்குச் சீட்டுப் போட்டால் இறங்கப்போவதும் இதே ஓடுதளத்தில்தான். ஜன்னலோர இருக்கை கேளுங்கள். மேற்குப் பக்கம் காயல், நடுவில் ஊர், தெற்கு மூலையில் ஒரு பச்சைத் துண்டு, மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும்.